கோப்பை கடைந்தவர்கள்

இங்கிலாந்தின் யோர்க் நகரில் 'கொப்பர்கேற்' என்றொரு தெரு இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதைச் செம்புத் தெரு என்று விளங்கிக்கொள்வார்கள். உண்மையில் அந்தப் பெயருக்கும் செம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 866ஆம் ஆண்டில் வைக்கிங்குகள் யோர்க்கைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'கொப்பரி' என்றால் கோப்பை செய்பவர், 'கத்தா' என்றால் தெரு. கோப்பை செய்பவர்களின் தெரு என்பதே ஆயிரம் வருடங்களாக அந்தத் தெருவின் பெயர். 1976 முதல் 1981 வரை அங்கே தொல்லியல் அகழ்வு நடந்தபோது, பெயர் சொன்னதை மண்ணும் சொன்னது. ஈரமான மண்ணில் உக்காமல் கிடந்த மரக்கோப்பைகளும், அவற்றைக் கடைந்தபோது நடுவிலே மிஞ்சிய மரக்குமிழ்களும் கிடைத்தன. கோப்பையை வாங்கியவர் கொண்டுபோய்விட்டார். கடைந்தவர் எறிந்த மிச்சம் அந்த இடத்திலேயே ஆயிரம் வருடம் இருந்திருக்கிறது.

எமது 'கோப்பை'யும் இந்தச் சொல்லுக்கு மிகத் தூரத்தில் இல்லை. போர்த்துக்கேய மொழியின் 'கொப்பு' என்ற சொல்லிலிருந்து அது தமிழுக்கு வந்ததாக அகராதி சொல்கிறது. அந்தப் போர்த்துக்கேயச் சொல் லத்தீனின் 'குப்பா'விலிருந்து வந்தது. பீரங்கியும் வேதமும் கொண்டுவந்தவர்கள் கூடவே கோப்பையையும் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் கையில் விழுந்தது. 1658இல் அவர்கள் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள். சொல் மட்டும் எம்மோடு தங்கிவிட்டது. பிறகு நாங்கள் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவுக்கு வந்து, 'என்ன வேலை?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'கோப்பை கழுவுறன்' என்று பதில் சொன்னோம். புகலிடத் தமிழ் வாழ்வில் இந்த இரண்டு சொற்களைப் போலப் பாரமான சொற்கள் வேறு இல்லையென்று நினைக்கிறேன்.

நானும் கோப்பை கழுவுகிறவன்தான். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லாதபடியால், கையில் வந்து சேருகிற பொருட்களின் வரலாற்றையாவது தேடிப் படிக்கலாம் என்று தொடங்கினேன். அப்படித்தான் மரக்கோப்பை வந்தது. நான் வேலை செய்யும் உணவகத்தில் சலாட்டை மரக்கோப்பைகளில் வைத்துக் கொடுக்கிறார்கள். அவற்றை மெசினுக்குள் போடக்கூடாது. தண்ணீரில் ஊறவிடவும் கூடாது. ஊறினால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். கையால் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் பூசி வைக்க வேண்டும். மற்றக் கோப்பைகள் ஆயிரம் போய்வரும் நேரத்தில், மரக்கோப்பை மட்டும் எங்களிடம் ஒரு கவனத்தைக் கேட்டு வாங்குகிறது.

மரத்தில் உண்டவர்கள்

இன்று அலங்காரப் பொருளாகக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் மரக்கோப்பை, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சாதாரண சாப்பாட்டுக் கோப்பை. மத்திய காலத்தில் மண்பாண்டம் சமைக்கவும் சேமிக்கவும் பயன்பட்டது. உண்பதும் குடிப்பதும் பெரும்பாலும் மரத்தில்தான் நடந்தது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான 'மேரி ரோஸ்' 1545 ஜூலை 19இல் மூழ்கி, 1982 ஒக்டோபரில் கடலிலிருந்து தூக்கப்பட்டது. அதில் கிடைத்த பொருட்களில் மாலுமிகள் சாப்பிட்ட மரக்கோப்பைகள் பல இருந்தன. சிலவற்றில் கத்தியால் கீறிய அடையாளங்கள் காணப்படுகின்றன. எழுதத் தெரியாதவர்கள் இது என்னுடையது என்று கீறிய குறிகள். நூற்றுக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்த கப்பலில் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது சில நேரம் அந்த ஒரு கோப்பைதான். முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பணக்காரர்களும் மரத்தில் குடித்தார்கள். ஆனால் அவர்களது மரம் வேறு. மேப்பிள் மரத்தில், புள்ளியும் சுழியுமாகக் கோலமிட்டது போன்ற பகுதியைத் தேடி எடுத்து, மெல்லிதாகக் கடைந்து, விளிம்பிலே வெள்ளி கட்டி, பொன்முலாம் பூசி வைத்திருந்தார்கள். அதற்கு 'மேசர்' என்று பெயர். மடாலயங்களிலும் பிரபுக்களின் வீடுகளிலும் அது கை மாறிக் கை மாறி வந்தது. ஆகவே மரக்கோப்பையை அலங்காரமாக்கியது இன்றைய காலம் அல்ல. ஒரே கடைசல்காரன் ஒரே மரத்தில் ஏழைக்கு ஒன்றும் பணக்காரனுக்கு ஒன்றும் கடைந்திருக்கிறான்.

பிறகு ஈயக்கலப்புத் தட்டுக்கள் வந்தன. 1577இல் வெளிவந்த நூலொன்றில் வில்லியம் ஹரிசன் என்ற மதகுரு, தனது ஊர்க் கிழவர்கள் தம் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றங்களில் ஒன்றாக, மரத்தட்டுப் போய் ஈயத்தட்டு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். லண்டன் கடைசல்காரர்களின் சங்கத்துக்கு 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் பட்டயம் வழங்கியபோது, சாப்பாட்டு மேசையில் மரத்தின் காலம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்ராஃபோர்ட்சயரின் சூளைகளிலிருந்து மலிவான மண்கோப்பைகள் நாடு முழுவதும் போயின. அதன்பின் மரக்கோப்பை பால் பண்ணைக்கும் நாட்டுப்புறச் சமையலறைக்கும் ஒதுங்கியது.

எந்தப் பாத்திரத்தில் யார் உண்பது என்பது எங்கும் வெறும் வசதி பற்றிய விடயம் அல்ல. எமது ஊர்த் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பத்து வருடங்கள் கழித்தும் ஒரே பாத்திரத்தில் தேநீர் கேட்டு மனிதர்கள் தேநீர்க்கடைகளில் போராட வேண்டியிருந்தது. அடியும் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் ஒரு கோப்பைக்கானது என்று சொன்னால் எவரும் சிரிக்கமாட்டார்கள். இங்கே எங்கள் உணவகத்தில் வாடிக்கையாளருக்கு மரக்கோப்பை. எங்களது மத்தியானச் சாப்பாடு ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்ரிக் பெட்டியில். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அது தானாகவே அப்படி அமைந்துவிடுகிறது.

ஒரு குற்றியிலிருந்து

மரக்கோப்பை கடைவதை விளங்கிக்கொள்ளத் தமிழிலேயே ஒரு திறப்பு இருக்கிறது. மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. மத்திலே கயிற்றைச் சுற்றி இரண்டு பக்கமும் மாறிமாறி இழுத்தால், மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். எமது நாடுகளின் பழைய கடைசல் பட்டறையும் அதே விதிதான்: ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் உளியைப் பிடிப்பார். பாற்கடல் கடைந்த கதையில் மலையைச் சுற்றிய பாம்பைத் தேவரும் அசுரரும் இரு பக்கமும் இழுத்ததும் இந்த அசைவுதான்.

ஐரோப்பாவில் கயிறு இழுக்கும் ஆளுக்குப் பதிலாக ஒரு கம்பை வைத்தார்கள். வளைந்து நிமிரக்கூடிய நீண்ட இளமரம் ஒன்றைத் தலைக்கு மேலே கட்டுவார்கள். அதன் நுனியிலிருந்து கயிறோ தோல்வாரோ இறங்கி, கடையவேண்டிய மரத்தோடு பொருத்திய உருளையை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே மிதிபலகைக்குப் போகும். மிதித்தால் மரம் கடைபவரை நோக்கிச் சுழலும், அப்போது உளி வெட்டும். காலை எடுத்தால் கம்பு நிமிர்ந்து கயிற்றை இழுத்துக்கொள்ளும், மரம் எதிர்ப்பக்கம் சுழலும், அந்த நேரம் உளி வெட்டாது. ஒரு மிதிக்கு வேலை, ஒரு மிதிக்கு ஓய்வு. மின்சாரம் தேவையில்லை, உதவியாளும் தேவையில்லை. ஒரு தனி மனிதன் காட்டோரத்தில் இதை அமைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் தொழில் செய்யலாம்.

இனி மரம். கோப்பை கடைபவர் காய்ந்த பலகையைத் தேடுவதில்லை, புதிதாக விழுத்திய பச்சை மரத்தைத் தேடுவார். பச்சை மரத்தில் சில வேளைகளில் மரத்தின் காய்ந்த எடைக்கு நிகராகவே தண்ணீர் இருக்கும். உளிக்கு அது வெண்ணெய்போல இளகிக் கொடுக்கும். அடிமரத்தை, அதன் குறுக்களவுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் குற்றிகளாக அறுப்பார்கள். பிறகு குற்றியை நீளவாக்கில் நடுவால் இரண்டாக்குவார்கள். நடுவால் என்பது முக்கியம். மரத்தின் மையம் கோப்பைக்குள் அகப்பட்டால், காயும்போது அங்கேயிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். ஆகையால் மையத்தைச் சீவி எறிந்துவிட்டு, பாதிக் குற்றியைக் கோடரியால் வட்டமாகச் செதுக்குவார்கள். பிளந்த முகம் கோப்பையின் வாயாகும், மரப்பட்டை இருந்த பக்கம் அடியாகும்.

முதலில் வெளிப்பக்கம் கடையப்படும். பிறகு உட்பக்கம். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சாதாரணமாக நினைத்தால், உள்ளே இருக்கும் மரமெல்லாம் சீவலாகக் கீழே கொட்டவேண்டும். ஒரு பெரிய குற்றியிலிருந்து ஒரே ஒரு கோப்பை. மிச்சம் அடுப்புக்கு. ஆனால் தேர்ந்த கடைசல்காரர் உள்மரத்தைச் சீவி அழிக்கமாட்டார். நுனி கொக்கிபோல வளைந்த நீண்ட உளியை விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்து, ஒரு ஒடுக்கமான கால்வாய் வெட்டுவார். அந்தக் கால்வாய் வெளிக்கோப்பையின் சுவரைத் தொடர்ந்து வளைந்து வளைந்து அடியை நோக்கி இறங்கும். அடியில் ஒரு சிறு கழுத்து மட்டும் மிஞ்சும்போது, உள்மரத்தை முறித்து எடுப்பார். இப்போது கையில் ஒரு கோப்பையும், அந்தக் கோப்பையின் வயிற்று அளவில் ஒரு மரத்திரளும் இருக்கும். அந்தத் திரளின் வெளிப்பக்கம் ஏற்கெனவே கோப்பை வடிவம். அதை மறுபடி பொருத்தி, அதற்குள்ளும் அதே கால்வாய். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று, நான்கு கோப்பைகள் ஒரு பாதிக் குற்றியிலிருந்தே பிறக்கும். கடைசியில் மிஞ்சுவது கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு குமிழ். மிஞ்சும் குமிழ் பெரும்பாலும் எறியத்தான்.

வெட்டுக் கண்ணுக்குத் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். உளியின் நுனி மரத்துக்குள் புதைந்திருக்கும். எவ்வளவு ஆழம், சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதைக் காதும் கையுமே சொல்லும். அரை விரல் அதிகமாகப் போனால் வெளிக்கோப்பையில் ஓட்டை. குறைவாகப் போனால் உள்கோப்பை சிறுத்துப்போகும்.

கடைந்த கோப்பை உடனே காய்ந்துவிடக்கூடாது. சீவல்களுக்குள் புதைத்து, காற்றுப்படாமல் மெதுவாகக் காயவிடுவார்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வருட வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. எனவே வட்டமாகக் கடைந்த பச்சைக் கோப்பை காயும்போது கொஞ்சம் முட்டை வடிவத்துக்குப் போகும். பழைய கோப்பைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. யாரும் அதைக் குறையாகக் கருதவில்லை. இன்றைய கடைசல்காரர்கள் முழு வட்டம் வேண்டுமென்றால், முதலில் தடிப்பாகக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, பிறகு இரண்டாம் முறை கடைகிறார்கள்.

பக்கிள்பெரியின் கடைசி ஆள்

லண்டனுக்கு மேற்கே பேர்க்சயரில் பக்கிள்பெரி என்ற ஊர். அங்கே பொதுநிலத்தின் ஓரத்தில் ஜோர்ஜ் லெய்லி என்பவர் வாழ்ந்தார். 1869இல் பிறந்தவர். அவருடைய தகப்பனும், தகப்பனின் தகப்பனும் கோப்பை கடைந்தவர்கள். கம்பும் கயிறும் மிதிபலகையும் உள்ள பட்டறையில், எல்ம் மரத்தில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோப்பைகளைக் கடைந்து எடுத்தார். எல்மின் நார் பின்னிப் பிணைந்தது, இலகுவில் பிளக்காது. கோடரியால் பிளக்க முடியாதபடியால் வாளால் அறுக்க வேண்டியிருக்கும். அந்தப் பிடிவாதமே மெல்லிய கோப்பைக்கு உரமாகவும் இருந்தது.

ஆகாயத்தில் விமானம் பறந்தது, இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, ஊருக்கு மின்சாரம் வந்தது. லெய்லி காலால் மிதித்துக்கொண்டே இருந்தார். எச்.வி. மோர்ட்டன் என்ற பத்திரிகையாளர் இங்கிலாந்தைச் சுற்றி எழுதி 1927இல் வெளியிட்ட பிரபலமான பயண நூலில், இந்தக் கோப்பைக்காரரையும் சந்தித்து எழுதினார். அதன்பின் அவரைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பழைய இங்கிலாந்தின் கடைசி மிச்சம் என்று சொல்லிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அவற்றில் எத்தனை பேர் உணவு போட்டுச் சாப்பிட்டிருப்பார்கள்? கடைந்தவரின் கை மாறவில்லை, உளி மாறவில்லை, மரம் மாறவில்லை. வாங்குபவரின் வீட்டில் கோப்பை இருக்கும் இடம் மட்டும் மாறிவிட்டது. சமையலறையிலிருந்து விருந்தினர் அறைக்கு.

லெய்லி 1958இல் இறந்தார். தொழிலைத் தொடர எவரும் இருக்கவில்லை. அவரது பட்டறையும் உளிகளும் றெடிங் பல்கலைக்கழகம் 1951இல் நிறுவிய ஆங்கிலக் கிராமிய வாழ்வு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த பத்து, இருபது வருடங்களில் நோயொன்று பரவி இங்கிலாந்தின் எல்ம் மரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. மனிதனும் போனான், மரமும் போனது.

ஊமை உளிகள்

ஒரு விடுமுறை நாளில் றெடிங்குக்குப் போய் அந்தப் பட்டறையைப் பார்த்தேன். நுழைவுக் கட்டணம் இல்லை. வழவழவென்ற நவீன இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது விறகுக் கட்டைகளை அடுக்கி வைத்ததுபோலத் தெரியும். கொக்கி உளிகள் கறுத்துப்போய் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வளைவும் ஒவ்வொரு மாதிரி. எது எதற்கு என்று கேட்கலாம் என்றால் பதில் சொல்லும் ஆள் 1958இல் போய்விட்டார். ஒரு கருவியைப் பாதுகாப்பதும் அதன் உபயோகத்தைப் பாதுகாப்பதும் வேறுவேறு வேலை என்பதை அங்கே நின்றபோது விளங்கிக்கொண்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990களில் றொபின் வூட் என்ற காட்டுத் தொழிலாளி, லெய்லியின் பட்டறையைப் பார்த்து, இதைத் திரும்பவும் இயக்க வேண்டும் என்று இறங்கினார். கற்பிக்க எவரும் இல்லை. அளந்தார், வரைந்தார், அதேபோன்ற உளிகளை அடித்துச் செய்யக் கொல்லன் வேலையையும் தானே கற்றுக்கொண்டார். லெய்லி தகப்பனின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதை, இவர் மரத்தை வீணாக்கி வீணாக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோப்பைகள் மறுபடி வந்தன. 2005இல் மரக்கோப்பையின் வரலாற்றை நூலாகவும் எழுதினார். தான் கடைந்த கோப்பையில் தினமும் சாப்பிடுங்கள், அலுமாரியில் வைக்காதீர்கள் என்பதே வாங்குபவர்களுக்கு அவரின் வேண்டுகோளாக இருந்து வந்திருக்கிறது. இன்று பல நாடுகளில் கம்புப் பட்டறையில் கடையும் இளம் ஆட்கள் இருக்கிறார்கள்.

அறுந்த தொடரை மீண்டும் முடிச்சுப் போடலாம் என்பதற்கு இது சாட்சி. அதே நேரம் அறுந்ததன் விலை என்ன என்பதற்கும் இதுவே சாட்சி. ஒரு பின்னேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் பிடிபட்டிருக்கும் ஒரு விடயத்துக்கு வருடங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் உளிகள் மிஞ்சியிருந்தபடியால்தான். வீட்டையும் பட்டறையையும் குண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் தொழில்களுக்கு அந்த ஊமை உளிகளும் இல்லை. 2017இல் பிரித்தானியாவில் அருகிவரும் கைத்தொழில்களின் பட்டியல் ஒன்று முதன்முறையாக வெளியிடப்பட்டது. நான்கு தொழில்கள் முற்றாக அழிந்துவிட்டதாக அதில் குறித்தார்கள். அவற்றில் ஒன்று அரிதட்டுச் செய்வது, இன்னொன்று கையால் கிரிக்கெற் பந்து செய்வது. எமது ஊர்களின் தொழில்களுக்கு இப்படியொரு பட்டியலை யார் எழுதினார்கள்? எழுதப்போனால் அங்கே சாதியும் குறுக்கே வந்து நிற்கும். தொழிலைச் சாதியோடு கட்டிவைத்து இழிவுபடுத்திய சமூகம், அந்தத் தொழிலின் அறிவை அறிவு என்று எண்ணிப் பதிவுசெய்யவில்லை. அந்தத் தொழிலிலிருந்து பிள்ளைகள் விலகிப்போனதை இழப்பு என்று மட்டும் பார்க்கவும் முடியாது. அது அவர்களுக்கு விடுதலையாகவும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இரண்டு முகாம்கள்

அலங்காரக் கோப்பை என்றால் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் முதலில் நானும் எண்ணியிருந்தேன். அமெரிக்கக் கடைசல் கலையின் வரலாற்றைப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது.

பொப் ஸ்ரொக்ஸ்டேல் 1913இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் துவக்குத் தூக்க மறுத்தார். மனச்சாட்சியின் பேரில் போரை மறுத்தவர்களை அமெரிக்க அரசு சம்பளமில்லாத வேலை முகாம்களுக்கு அனுப்பியது. அப்படி ஏறத்தாழ 12,000 பேர். அந்த முகாமில்தான் ஸ்ரொக்ஸ்டேல் தனது முதல் கோப்பைகளைக் கடைந்தார். போர் முடிந்தபின் கலிபோர்னியாவின் பேர்க்லியில் குடியேறி, 2003இல் இறக்கும்வரை அதையே செய்தார். உலகின் பல பாகங்களிலிருந்தும் குற்றிகளை வாங்குவார். கடைவதைவிட அறுப்பதற்கு முன் பார்ப்பதில்தான் அவரது திறமை என்பார்கள். வைரமும் வெள்ளையும் எங்கே சந்திக்கின்றன, கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று குற்றியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அந்தக் கோடு கோப்பையின் வடிவத்தோடு சேர்ந்து ஓடும்படி அறுப்பார். ஓட்டோ வேலைப்பாடோ கிடையாது. மரம் தன்னில் வைத்திருப்பதே அலங்காரம்.

அவர் 1972இல் மணந்தவர் கே செகிமாச்சி, நெசவுக் கலைஞர். 1926இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஒப்பமிட்ட ஆணையின்படி, மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கப் பிரசைகள். செகிமாச்சியின் குடும்பம் முதலில் டன்ஃபொரானில், குதிரைப் பந்தயத் திடலொன்றில் அடைக்கப்பட்டது. பிறகு யூற்றா மாநிலப் பாலைவனத்தில் ரோபாஸ் முகாம். சித்திரகாரர் சியூரா ஒபாட்டா என்பவர் அந்த முகாம்களுக்குள்ளேயே ஒரு கலைப்பள்ளியை நடத்தினார். பதினாறு வயதுப் பெண்ணாகச் செகிமாச்சி சித்திரம் பயின்றது அங்கேதான். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்க 1988 வரை பிடித்தது. உயிரோடு மிஞ்சியவர்களுக்கு ஆளுக்கு 20,000 டொலர் கொடுத்தார்கள்.

போரை மறுத்ததற்காக முகாமுக்குப் போனவர் ஒருவர். பிறந்த இனத்துக்காக முகாமுக்குப் போனவர் மற்றவர். பிற்காலத்தில் செகிமாச்சி கணவரின் மரக்கோப்பைகளை அச்சாக வைத்து, அதன்மேல் கடதாசியையும் நாரையும் படியவிட்டுக் காயவைத்து, கழற்றி எடுத்தார். மரக்கோப்பையின் அதே வடிவம், கையில் எடுத்தால் பாரமே இல்லை. 1993இல் இருவரது படைப்புகளும் சேர்ந்து கண்காட்சியாக வந்தன. இவற்றில் எவரும் சோறு போட்டுச் சாப்பிடப் போவதில்லை. ஆனாலும் இவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க மனம் வரவில்லை. எல்லாம் பறிக்கப்பட்ட இடத்தில், அன்றைய தேவைக்கு எவ்விதத்திலும் உதவாத ஒன்றைச் சரியாகச் செய்வது என்பது, தான் இன்னும் மனிதன் என்று தனக்கே சொல்லிக்கொள்வது. 2009இல் மெனிக் பாமின் கூடாரங்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அங்கேயும் தகரத்திலும் தடியிலும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

அலுமாரியும் சமையலறையும்

ஒரு பொருள் எப்போது அலங்காரமாகிறது என்ற கேள்விக்கு இந்த வரலாறு இரண்டு பதில்களைத் தருகிறது. உபயோகம் செத்தபின் மிஞ்சும் கூடாக ஒன்று அலங்காரமாகலாம். லெய்லியின் கோப்பைகளை ஞாபகப் பொருளாக வாங்கியவர்கள் செய்தது அது. அல்லது, உபயோகத்துக்கு அப்பாலும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற மனிதத் தேவையிலிருந்து பிறக்கலாம். முகாமில் கடைந்த கோப்பை அது.

புகலிடத்தில் எமது வீடுகளைப் பார்த்தால் முதலாவது வகைதான் அதிகம். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன உரல் வரவேற்பறையில் நிற்கிறது, இடிப்பது கிறைண்டரில். சுளகு சுவரில் தொங்குகிறது. மொழியும் மெல்ல மெல்ல அதே சுவருக்குப் போகிறது: ஆண்டுவிழா மேடையில் பிள்ளை ஒரு பாட்டை மனனம் செய்து ஒப்புவிக்கும், கீழே இறங்கி வந்து வேறு மொழியில் தண்ணீர் கேட்கும். பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் அந்த மொழியில் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் கேள்வி. சண்டை பிடிக்கவும், கணக்குப் பார்க்கவும், பகிடி விடவும், அரசியல் கதைக்கவும் பயன்படாத மொழி, கண்ணாடிக்குள் வைத்த கோப்பைதான்.

இதற்கு நான் பெரிய திட்டம் ஒன்றையும் முன்வைக்கவில்லை. எமது தகப்பன்மாரின், தாய்மாரின் தலைமுறையில் தச்சு வேலை தெரிந்தவர்கள், பன்னவேலை தெரிந்தவர்கள், வலை பின்னத் தெரிந்தவர்கள், தோல் பதனிடத் தெரிந்தவர்கள் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இன்னும் இருக்கிறார்கள். பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் போய் இந்தக் கையை எப்படிப் பிடிப்பது, எந்த மாதத்தில் வெட்டுவது, எதைச் சொல்லி அழைப்பீர்கள் என்று கேட்கலாம். பெயர்களை எழுதலாம், கையசைவைப் படம் பிடிக்கலாம். முடிந்தால் பக்கத்தில் நின்று ஒன்றைச் செய்தும் பார்க்கலாம். பட்டறையைப் பாதுகாக்க றெடிங்கில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. எமக்கு அப்படி ஒன்று இல்லாதபடியால் இந்தக் கேள்விகளை அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.